வெண்ணெய்க்கு ஒரு விண்ணப்பம்

வந்திருந்தவர்கள்: இஞ்சினியர் ஹவ்ரானெக், மாவட்ட வீட்டுத் தயாரிப்பு மேற்பார்வைக் குழுவின் தலைவர். டாக்டர் ஷிமாச்கோவா, குழுவின் சட்ட உறுப்பினர், குறிப்பு எழுதுபவர். திரு. ட்ரூப்கா, வெப்பமானிப் பொறுப்பாளர். திரு. லீபல், மூன்றாம் மாடி, சம்பந்தமில்லாத நபர். திரு. ஓல்த்ரிக் பவெல்கா, விண்ணப்பதாரர்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வராதவர்: திருமதி யார்மிலா பவெல்கோவா, விண்ணப்பதாரரின் மனைவி, படுக்கையறையில், சுவருக்கு அந்தப் பக்கம்.

"யாரு மன்னிப்புக் கேட்டது?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

டாக்டர் ஷிமாச்கோவா பேனாவை நிறுத்தினார். "வராதவங்க பேசக் கூடாது," என்றார். ஓல்த்ரிக்கைப் பார்த்துத்தான் சொன்னார். ஓல்த்ரிக் தலையாட்டினார்.

அப்போது காலை ஒன்பது நாற்பது. ஒன்பதிலிருந்து அதுவரை எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். காரணம் காலணி. வெளியே போடும் ஷூவோடு அந்த வீட்டுக்குள் இதுவரை நுழைந்தவர்கள், இறந்துபோன மாமனாரைத் தூக்கிச் செல்ல வந்தவர்கள் மட்டும்தான். அவர்களும் மிதியடியில் கொஞ்சம் தயங்கினார்கள். ஆனால் குழுவின் ஏழாவது விதி, விரல் மூடிய காலணி இல்லாமல் தயாரிப்பு இடத்தில் யாரும் நிற்கக் கூடாது என்கிறது.

"ஷூவோட உள்ள வர எனக்கு மனசு வரல," என்றார் இஞ்சினியர் ஹவ்ரானெக். "எங்கம்மா வளர்ப்பு அப்படி. ஷூ இல்லாம வர விதி விடல. நல்ல விதி அது, நான்தான் எழுதினேன்."

ட்ரூப்கா தன் பையிலிருந்து சொந்தச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். சட்ட உறுப்பினர் சமையலறைக்குள் வராமல் அதன் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்வார் என்று முடிவானது. அவருக்கு விருந்தாளிச் செருப்பு போதும். தலைவருக்குத்தான் இல்லை. ஓல்த்ரிக்கும் லீபலும் காலில் போட்டிருந்தது போக, அந்த வீட்டில் விரல் மூடிய வீட்டுச் செருப்பு ஒரே ஒரு ஜோடி. இளஞ்சிவப்பு, மேலே கம்பளிக் குஞ்சம் வைத்தது, யார்மிலாவின் காலில் இருந்தது. ஓல்த்ரிக் அவள் முன் குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவளாகக் குனிந்து கழற்ற முடியாது. அவள் காலுறையோடு படுக்கையறைக்குப் போனாள். தலைவர் குஞ்சத்தோடு சமையலறைக்குப் போனார்.

இந்தக் கட்டடத்தில் பதினெட்டு வீடுகள். பதினோரு பால்கனிகளில் கஞ்சாச் செடி நிற்கிறது, தக்காளிக்கும் ஜெரேனியத்துக்கும் நடுவில். பன்றிக் கொழுப்பில் அந்த இலையைக் காய்ச்சி முட்டிக்குத் தேய்த்துக்கொள்ளாத ஓய்வூதியக்காரர் அந்தத் தெருவில் கிடையாது. சட்டம் தடுத்த காலத்தில் தேய்த்தார்கள். வீட்டுக்கு மூன்று செடி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்த பிறகும் அதேபோலத் தேய்த்தார்கள். யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

ஓல்த்ரிக் கேட்டார்.

நாற்பது வருடம் ரயில்வே சிக்னல் அறையில் வேலை பார்த்தவர் அவர். அங்கே கேட்காமல் எதுவும் நகராது. பதில் வராமல் நெம்புகோலில் கை வைத்தால் ஆள் சாவான். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. சட்டத்தை இரண்டு முறை படித்தார். செடி இருந்தது, இலை இருந்தது. வெண்ணெய் என்ற சொல் எங்கேயும் இல்லை. சுத்தமான காகிதத்தில் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினார்: என் மனைவியின் வலிக்காக வீட்டில் கஞ்சா இலை போட்டு வெண்ணெய் காய்ச்சுகிறோம், இது சரிதானா, தயவுசெய்து தெரிவிக்கவும்.

மாவட்டத்தில் இதற்கென்றே ஒரு குழு இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தது. மூன்று மேசை, இரண்டு முத்திரை, ஒரு வெப்பமானி. வந்த விண்ணப்பம் பூஜ்யம். ஓல்த்ரிக்கின் கடிதத்துக்கு எண் ஒன்று என்று போட்டு, ஒன்பதே நாளில் பதில் அனுப்பினார்கள். குழுவின் முன்னிலையில் ஒருமுறை காய்ச்சிக் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் அனுமதி. தவறினால் செடிகளுக்கு முத்திரை வைத்து எடுத்துச் செல்வார்கள்.

"நீயாவே எழுதுனியா?" என்று கேட்டாள் யார்மிலா.

"கேட்டுக்கிட்டா நல்லதுதானே."

"கல்யாணத்துக்கே எங்கப்பாகிட்ட மூணு தடவ வந்து கேட்டவன் நீ. முதல் தடவையே அவர் சரின்னுட்டார்."

யார்மிலா முப்பத்தொரு வருடம் லினன் நூற்பாலையில் இருந்தவள். வெந்நீர்த் தொட்டியிலிருந்து ஈர நூலை இழுக்கும் வேலை. ஆலை மூடிவிட்டது. விரல்கள் நூலைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து நின்றுவிட்டன. கரண்டியைப் பிடித்தால் விழும். இடுப்பும் போய்விட்டது. மேலே தேய்க்கும் களிம்பு அவளுக்குப் போதவில்லை. மாலை ஐந்து மணிக்குக் கம்பு ரொட்டியில் பாதித் துண்டு, அதன்மேல் அந்த வெண்ணெய் மெல்லிசாக. அது உள்ளே போனால் விடியும்வரை தூங்குவாள். போகாவிட்டால் தூங்க மாட்டாள். குளிர்சாதனப் பெட்டியில் கட்டைவிரல் அளவு மிச்சம் இருந்தது. இரண்டு மாலைக்கு வரும்.

காய்ச்சுவது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. அவள் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வாள். அவருடைய கை செய்யும். இலையை முதலில் அடுப்புத் தட்டில் இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும். பிறகு கீழே பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதன் வாயில் எனாமல் கிண்ணம், கிண்ணத்தில் வெண்ணெயும் இலையும். கீழ்த் தண்ணீர் முணுமுணுக்கலாம், கத்தக் கூடாது என்பாள். இரண்டரை மணி நேரம் அப்படி. இடையில் கீழே தண்ணீர் குறையும். அவள் காதாலேயே கண்டுபிடிப்பாள். "ஊத்து," என்பாள். அவர் ஊற்றுவார். எப்போது ஊற்றுவது என்று தானாகத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு நான்கு வருடத்தில் ஒருமுறையும் வந்ததில்லை.

அவளை ஏன் அடுத்த அறைக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் கேட்டுத்தான் பார்த்தார்.

"பயனாளியும் தயாரிப்பாளரும் ஒரே இடத்துல இருந்தா அது தயாரிப்பு இல்ல, பயன்பாடு," என்றார் டாக்டர் ஷிமாச்கோவா. "ரெண்டுக்கும் வேற வேற படிவம்."

"ஆனா டாக்டரம்மா, அவளுக்குத்தான் செய்யத் தெரியும்."

"அப்ப உங்களுக்குத் தெரியாதா? அதை எழுதிக்கவா?"

"தெரியும்," என்றார் ஓல்த்ரிக் அவசரமாக.

முதலில் லீபலிடம் உறுதிமொழி வாங்கினார்கள். இந்த நாட்டில் அதிகாரிகள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சம்பந்தமில்லாத ஒருவர் கூட நிற்க வேண்டும். லீபல் மாடியில் இருப்பவர், ஞாயிறுதோறும் இங்கே வந்து சீட்டாடுபவர், தன் முட்டிக்குக் களிம்பை நிலவறையில் காய்ச்சுபவர்.

"இந்தக் குடும்பத்தோட உங்களுக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாதுதானே?"

"இருபத்தாறு வருஷமா கிடையாது," என்றார் லீபல். கையெழுத்துப் போட்டார்.

அடுத்து கருவிகள். பாத்திரம், கிண்ணம், மரக்கரண்டி. வெண்ணெயை வடிகட்டும் துணியைத் தலைவர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னது?"

"நாப்பி, இஞ்சினியர் ஐயா. பையனோடது, குழந்தையில கட்டினது. துவைச்சுக் கொதிக்க வச்சது. இங்க எல்லாரும் இதுலதான் வடிகட்டுவாங்க. பாலாடை, பழச்சாறு..."

"பையன் இப்ப எங்க?"

"பிர்னோவுல. பல் டாக்டர்."

"தனிப்பட்ட உடைமை," என்றார் டாக்டர் ஷிமாச்கோவா. "உரிமையாளரோட சம்மதம் வேணும்."

ஓல்த்ரிக் மகனுக்குப் போன் போட்டார். குழு கேட்கும்படி சத்தமாக வைக்கச் சொன்னார்கள்.

"அப்பா, ஒருத்தர் வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்கார். சீக்கிரம் சொல்லு."

"ராதிம், உன்னோட நாப்பி..."

"என்னோட என்னது?"

"நாப்பி. அதுல வெண்ணெய வடிகட்ட உனக்குச் சம்மதமான்னு கேக்குறாங்க."

"யாரு கேக்குறாங்க? பக்கத்துல யாரு இருக்கா?"

"மாவட்டக் குழு," என்றார் தலைவர் போனுக்குள். "நீங்க அந்தத் துணியைக் கடைசியாப் பயன்படுத்துனது எப்ப?"

பல் துளைக்கும் இயந்திரம் நிற்கும் சத்தம் கேட்டது. "அம்மாகிட்ட குடு," என்றான் ராதிம்.

"அம்மா வரல," என்றார் ஓல்த்ரிக்.

"வரலையா? வீட்டுல இல்லையா?"

"வீட்டுலதான் இருக்கா. வரல."

சம்மதம் கிடைத்தது, அல்லது போன் துண்டானது. டாக்டர் ஷிமாச்கோவா இரண்டையும் ஒரே வரியில் எழுதினார்.

இலையை வாட்டியாயிற்று. பாத்திரம் அடுப்பில் ஏறியது. ட்ரூப்கா வெல்வெட் பெட்டியைத் திறந்து வெப்பமானியை எடுத்தார். நீளமான கண்ணாடி, பித்தளைத் தொப்பி, தலைநகரில் சான்றளித்தது. ஓல்த்ரிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். ட்ரூப்கா பின்வாங்கினார்.

"வெண்ணெயிலயா? கொழுப்புப் பட்டா சான்று செல்லாது."

"அப்ப எப்படி சூடு பாக்குறது?"

ட்ரூப்கா ஒரு காபிக் குவளையில் வெந்நீர் ஊற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, அதில் வெப்பமானியை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். "எண்பத்தேழு. ரொம்பச் சரியா இருக்கு."

"அது குவளையில இருக்குற தண்ணி."

"நான் அளக்குறேன், நீங்க காய்ச்சுறீங்க," என்றார் ட்ரூப்கா அன்பாக. "பதினாறு வருஷமா இதைக் கையில வச்சிருக்கேன். ஒரு தடவ கூட அழுக்கானதில்ல."

குவளை ஆற ஆற, வேறு வெந்நீர் ஊற்றிக்கொண்டார். எண்பத்தேழு குறையவே இல்லை.

முதல் அரை மணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு கீழ்ப்பாத்திரம் சத்தம் போட ஆரம்பித்தது.

"கத்துது," என்றது சுவர். "தீயக் குறை."

ஓல்த்ரிக் கையை நீட்டினார். டாக்டர் ஷிமாச்கோவா பேனாவை உயர்த்தினார். கை நின்றது.

"வராதவர் அறிவுரை கொடுத்தார்னு எழுத வேண்டியிருக்கும். எழுதுனா அவங்க வந்தவங்க ஆயிடுவாங்க. வந்தவங்கன்னா இது பயன்பாடு. பயன்பாடுன்னா இன்னிக்கு வேலை இதோட முடிஞ்சுது, செடியை எடுத்துட்டுப் போகணும். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

ஓல்த்ரிக் கூடத்துக்குப் போய், படுக்கையறைக் கதவில் வாயை வைத்து, "யார்மிலா, பேசாத," என்றார். தன் குரல் அவ்வளவு தாழ்ந்திருப்பது அவருக்கே பிடிக்கவில்லை.

அவள் பேசவில்லை. சுவரில் தட்டினாள். ஒரு தட்டு, தீயைக் குறை. இரண்டு தட்டு, தண்ணீர் ஊற்று. அவர் பார்த்த வேலையிலும் மணி இப்படித்தான் அடிப்பார்கள். முதல் தட்டு கேட்டதும் அவர் கை தானாகக் குறைத்தது. விரல் முட்டியால் தட்டுகிறாள் என்று தெரிந்தது. அந்த முட்டிகளால் தட்டுவது எப்படி இருக்கும் என்றும் தெரிந்தது.

இரண்டு தட்டு வந்தபோது தலைவர் நிமிர்ந்தார்.

"அது என்ன சத்தம்?"

"குழாய்," என்றார் லீபல்.

"சம்பந்தமில்லாதவர் கருத்துச் சொல்லக் கூடாது." தலைவர் குஞ்சத்தோடு நடந்து போய்ச் சுவரில் காதை வைத்தார். திரும்பி வந்தபோது முகத்தில் வருத்தம் இருந்தது, உண்மையான வருத்தம். "பவெல்கா சார், உங்க விண்ணப்பம் எங்களோட முதல் விண்ணப்பம். இது ஜெயிக்கணும்னு உங்களை விட நான் ஆசைப்படுறேன். அந்த ரூம்ல கதவுப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, அவங்கள சுவருகிட்ட வராமப் பாத்துக்க முடியுமா? இல்லேன்னா கட்டிலச் சுவரவிட்டுத் தள்ளிப் போட்டு, கதவ..."

"கதவ?"

"பூட்டு இருக்குல்ல?"

வீட்டுக்குள் இருக்கும் எல்லாக் கதவுகளுக்கும் ஒரே சாவிதான். மகன் பதினைந்து வயதில் தன்னை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட நாளிலிருந்து அது சமையலறை ஆணியில் தொங்கியது. ஓல்த்ரிக் அதை எடுத்தார். யாரும் அவர் கையைப் பிடித்து எடுக்கவைக்கவில்லை. பிற்பாடு அவர் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தது அதைத்தான்.

யார்மிலா சுவரோரம் நின்றிருந்தாள், ஒரு காலுறை பாதி கழன்று. சாவியைப் பார்த்தாள்.

"நெசமாவா, ஓல்தா?"

"கொஞ்ச நேரம்தான். செடிய எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"கட்டிலையும் நகத்தப் போறியா?"

"கொஞ்சம்."

கட்டிலை நகர்த்தினார். அவளைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தார். வெளியே வந்து சாவியைத் திருப்பினார். "பூட்டப்பட்டது, பதினொன்று ஐந்து," என்று டாக்டர் ஷிமாச்கோவா எழுதினார். தட்டல் நின்றது.

இப்போது அமைதியாக இருந்ததால் நான்காம் படிவத்தை எடுத்தார்கள். பயனாளியின் நிலை.

"அவளே சொல்லலாமே," என்றார் ஓல்த்ரிக்.

"அவங்க வரலையே," என்றார் டாக்டர் ஷிமாச்கோவா பொறுமையாக. "நாங்க வலியை மறுக்கல. யாரும் மறுக்கல. அது பதிவாகணும், அவ்வளவுதான். பதிவாகாத வலிக்கு நாங்க என்ன பண்ண முடியும்? சட்டை பட்டன் போட முடியுமா?"

"முடியாது."

"தலை சீவ?"

"நான் சீவி விடுறேன்."

"கழிப்பறை?"

ஓல்த்ரிக் சுவரைப் பார்த்தார். அது மெல்லிய சுவர். கான்கிரீட் பலகைக் கட்டடம். தும்மினால் அந்தப் பக்கம் வாழ்த்துச் சொல்வார்கள்.

"உதவி வேணும்," என்றார்.

"எந்த அளவுக்கு? அ, ஆ, இ. பொதுவா எதுவும் எழுத முடியாது, பவெல்கா சார்."

அவர் சொன்னார். சிக்னல் அறையில் வண்டி எண்ணும் நேரமும் சொல்வதுபோல ஒன்றும் விடாமல் சொன்னார். காலையில் எழுப்புவது, உட்காரவைப்பது, திருப்புவது, துடைப்பது. தப்பாகச் சொல்லி அனுமதி போய்விடக் கூடாது என்ற ஒரே நினைப்பு. லீபல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் யார்மிலா அவருக்கு எதிரே உட்கார்ந்து, மரச்சட்டத்தில் செருகிய சீட்டுகளைப் பார்த்து அவரைக் கிண்டல் செய்வாள். ஒருமுறைகூட எழுந்து அவர் முன் நடந்ததில்லை. அது ஏன் என்று லீபலுக்கு இப்போது புரிந்துவிட்டது.

"கடைசிக் கேள்வி. அழுவாங்களா?"

"எங்கிட்ட அழ மாட்டா."

"அப்ப இல்லைன்னு போடவா? இல்லைன்னா நிலை நடுத்தரம். நடுத்தரத்துக்கு வெண்ணெய் கிடையாது."

"அழுவா," என்றார் ஓல்த்ரிக். "குளியலறையில. தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுவா. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டு."

"வாரத்துக்கு?"

"நாலு தடவ. அஞ்சு."

"அஞ்சுன்னு போடுறேன். அது உங்களுக்குச் சாதகம்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கட்டில்கூட கிறீச்சிடவில்லை.

படிவம் முடிந்ததும் சாப்பாடு. ஓல்த்ரிக் காலையிலேயே கடையிலிருந்து ஒரு தட்டு நிறைய வாங்கி வைத்திருந்தார்: சாய்வாக வெட்டிய வெள்ளை ரொட்டி, மேலே உருளைக்கிழங்கு சாலட், ஹாம், முட்டை, விசிறிபோல் வெட்டிய ஊறுகாய் வெள்ளரி. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதையும் காபியையும் வைக்காமல் இருக்க முடியாது. குழு எதையும் அன்பளிப்பாக வாங்கக் கூடாது. ஆகவே "மாதிரிகள், பன்னிரண்டு" என்று எழுதிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

"இதுல அடியில தடவியிருக்கறது எந்த வெண்ணெய்?" என்று கேட்டார் தலைவர், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.

"கடை வெண்ணெய், இஞ்சினியர் ஐயா."

"ஓ," என்றார் தலைவர். இன்னொன்றை எடுத்தார், ஆனால் முன்புபோல ஆவலாக இல்லை.

நான்காவது மாதிரிக்குப் பிறகு அவர் எழுந்து நின்றார். கையில் காபிக் குவளை.

"ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் நாங்க அந்த ஆபீஸ்ல உக்காந்திருந்தோம். ட்ரூப்கா தினமும் வெப்பமானியத் தொடைப்பார். டாக்டரம்மா விதிகள நாலு தடவ திருத்தினாங்க. மேலிடத்துல இருந்து கேட்டாங்க, உங்களால யாருக்கு என்ன பிரயோஜனம்னு. எனக்குப் பதில் தெரியல. இப்ப தெரியும். நாங்க இல்லேன்னா மக்கள் என்ன பண்ணுவாங்க? தாங்களாவே பண்ணிக்குவாங்க. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்துக்குவாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது, நல்லாவும் ஆயிடும். அப்ப நாம எங்க நிக்கிறது?"

சமையலறையில் ஒரு வாசனை மாறியது. புல்லும் பாலும் கலந்த வாசனை போய், கருகின கொட்டை வாசனை வந்தது. கீழ்ப்பாத்திரம் சத்தமே போடவில்லை. தண்ணீர் இருந்தால்தானே முணுமுணுக்கும். லீபல் கண்ணைக் காட்டினார். உதட்டை மட்டும் அசைத்து, "தண்ணி," என்றார்.

ஓல்த்ரிக்குக்குத் தெரிந்தது. கெட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் இஞ்சினியர் ஐயா பேசிக்கொண்டிருந்தார். பேசுகிறவருக்கும் அடுப்புக்கும் நடுவில் புகுந்து போவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. பச்சை விளக்குக்காகக் காத்திருந்தார். தலைவர் ஐரோப்பாவைப் பற்றிப் பேசினார். பிறகு தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனாமல் கிண்ணத்தின் அடி பழுப்பாகி, வெண்ணெய் தார்போல் ஆகியிருந்தது.

"வெப்பநிலை?" என்றார் தலைவர்.

"எண்பத்தேழு," என்றார் ட்ரூப்கா குவளையைப் பார்த்து.

"கருகிடுச்சு," என்றார் ஓல்த்ரிக். "ஐயா, இது கருகிடுச்சு. இதுல இப்ப ஒண்ணும் இருக்காது."

"நிறத்தப் பத்தி விதி எதுவும் இல்ல," என்றார் டாக்டர் ஷிமாச்கோவா.

கருகிய வெண்ணெயை நாப்பியில் வடிகட்டி ஜாடியில் ஊற்றினார்கள். முத்திரை இரண்டும் விழுந்தன. தலைவர் கைகுலுக்கினார், நீண்ட நேரம். அனுமதி கிடைத்துவிட்டது. ஒரே நிபந்தனை: இனி எப்போது காய்ச்சினாலும் இன்று பதிவானபடியே காய்ச்ச வேண்டும். வியாழக்கிழமை, திரு. லீபல் முன்னிலையில், கட்டில் சுவரைவிட்டுத் தள்ளி, பயனாளியின் கதவு பூட்டி.

"பாத்தீங்களா, கேட்டதால கெடச்சுது," என்றார் தலைவர். இளஞ்சிவப்புச் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஒழுங்காக மிதியடியோரம் வைத்தார். நல்ல வளர்ப்பு.

லீபல் மாடியேறினார். பாதியில் நின்று, "ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு வேலை இருக்கு," என்றார். பிறகு ஏறிப் போனார்.

ஓல்த்ரிக் படுக்கையறைக் கதவைத் திறந்தார். அவள் அவர் உட்காரவைத்த இடத்திலேயே இருந்தாள். கையை நீட்டினார். அவள் அதைப் பிடிக்கவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்து, பிறகு அலமாரியைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, தானாக நடந்தாள். கூடத்தைக் கடக்க வெகுநேரம் ஆயிற்று. செருப்பைப் பார்த்தாள், போட்டுக்கொள்ளவில்லை. சமையலறை மேசையில் ஜாடியையும் முத்திரைக் காகிதத்தையும் பார்த்தாள். ஜாடியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அனுமதி குடுத்துட்டாங்க," என்றார் ஓல்த்ரிக்.

"தண்ணி ஓடுனாக்கூடக் கேக்குதா?"

அவர் முத்திரைக் காகிதத்தை மேசையில் நேராக்கி வைத்தார்.

"குளியலறையில. தண்ணி ஓடுனாலும் கேக்குதா?"

"கேக்கும்."

"எப்பலேந்து?"

"மொதல்லேந்தே."

யார்மிலா தலையாட்டினாள். ஒரு கணக்கு நேரானதுபோல, அவ்வளவுதான்.

"இலை மிச்சம் இருக்குல்ல?"

"பாதி இருக்கு. நான் இப்பவே வக்கிறேன். நீ உக்காந்து சொல்லு, நாற்காலி..."

"சாவியக் குடு."

"எதுக்கு?"

"தயாரிக்கறவரும் சாப்பிடறவரும் ஒரே எடத்துல இருக்கக் கூடாதாம். நீ அந்தப் பக்கம் இரு."

"அதுல அப்படி இல்ல, யார்மிலா. உன்னால கிண்ணத்தத் தூக்க..."

அவள் கையை நீட்டியபடியே நின்றாள், வளைந்த விரல்களோடு. அவர் சாவியை அந்த உள்ளங்கையில் வைத்தார். இன்று யார் எதைக் கேட்டாலும் கொடுத்துக்கொண்டிருந்தார், இவளிடம் மட்டும் மறுப்பது எப்படி? கூடத்துக்குப் பின்வாங்கினார். சமையலறைக் கதவு அவர் முகத்துக்கு நேரே மூடியது.

சாவி துளையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு விழும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. குனிகிறாள் என்று புரிந்தது. கதவில் தாழ்ப்பாள் இல்லை, அவர் தள்ளினால் திறக்கும். கையைக் கைப்பிடிவரை கொண்டுபோனார். உள்ளே போகலாமா என்று கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். மறுபடியும் உரசியது. மறுபடியும் விழுந்தது.

மூன்றாவது முறை சாவி திரும்பியது.